ஏஸ் ஃப்ரேலிக்கு யாரும் சலுகை தர வேண்டாம்

"அந்த 1978 ஆல்பம் பரவாயில்லப்பா. ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிடுச்சு. கூட வாசிச்சவங்க நல்ல ஆளுங்க."

போன வாரம் ஒரு நண்பர் இப்படிச் சொன்னார். ராக் இசையைப் பல வருடங்களாகக் கேட்டு வருபவர், கிஸ் பேண்டின் ஆல்பங்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பவர். கிஸ்ஸின் கிடார்காரர் ஏஸ் ஃப்ரேலி 2025 அக்டோபரில் இறந்தபோது வந்த புகழுரைகளிலும் இதே தொனியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன். செத்துப்போன மனிதனைப் பாராட்டும்போதுகூட ஒரு சிட்டிகை சந்தேகம் தூவித்தான் பாராட்டுவோம் என்று அடம்பிடிப்பவர்களோடு இனி நயமாகப் பேசிப் பயனில்லை.

ஹார்ட் ராக் பேண்டில் மூளை ஒருவருக்கோ இருவருக்கோதான் இருக்கும், பெரும்பாலும் அது பாடகர்தான், மற்றவர்கள் கைவேலைக்காரர்கள் என்றொரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பேண்டை விட்டு வெளியே வந்து தனி ஆல்பம் போட்டால் அவர்கள் சாயம் வெளுத்துவிடுமாம். அது சொதப்பினால் "அன்னிக்கே சொன்னேன்" என்பார்கள். நன்றாக வந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள், தயாரிப்பாளர் கைவண்ணம் என்பார்கள், கூலிக்கு வந்த டிரம்மர் புண்ணியம் என்பார்கள். எப்படிப் போனாலும் அந்த மனிதனுக்கு மட்டும் பெயர் போய்ச் சேரக் கூடாது. ரசனை என்ற பெயரில் நடக்கும் இது சாதாரண அநியாயம் இல்லை.

1978 செப்டம்பர் 18. கிஸ் பேண்டின் நான்கு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு தனி ஆல்பம் வெளியிட்டார்கள். ஜீன் சிம்மன்ஸ் தன் ஆல்பத்துக்குப் பெரிய பட்டாளத்தையே கூட்டி வந்தார். ஷெர், டோனா சம்மர், பாப் சீகர், ஏரோஸ்மித்தின் ஜோ பெர்ரி என்று பட்டியல் நீண்டது. கடைசியில் டிஸ்னி படப் பாட்டு ஒன்றையும் பாடி வைத்தார். பால் ஸ்டான்லி கிஸ் பாணியிலேயே பத்திரமாக நின்றுகொண்டார். பீட்டர் கிறிஸ் மெல்லிய பாடல்கள் பக்கம் ஒதுங்கினார். பேண்டில் யாரிடம் எதிர்பார்ப்பு குறைவாக இருந்ததோ, அந்த ஏஸ் ஃப்ரேலி போட்டதுதான் நான்கில் சிறந்தது. இதை ஏற்கெனவே எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட மறு நொடியே காரணத்தை வேறு எங்கேயோ தேடப் போகிறார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் பாட்டு 'ரிப் இட் அவுட்'. காதில் விழுந்த கணத்திலிருந்து கிடார் ரிஃப் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பாதி வழியில் மற்ற எல்லாம் நின்றுவிடுகின்றன. டிரம்ஸ் மட்டும் தனியாகப் புரண்டு உருளுகிறது. அது முடியும் இடத்தில் ஏஸின் சோலோ உள்ளே வந்து இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கவனியுங்கள். டிரம்மர் கிளப்பிவிட்ட வேகம் ஒரு துளிகூடக் குறையாத உயரத்தில் அந்த முதல் ஸ்வரம் நிற்கிறது. டிரம்மருக்குத் தன் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே முழு மேடையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு அதற்கு மேலே ஏறி வாசிக்க ஒரு தெளிவு வேண்டும். அது இல்லாதவனின் பாட்டு இப்படி அமையாது.

அந்த டிரம்மர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆன்டன் ஃபிக். அப்போது அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியின் இசைக்குழுவில் பல வருடங்கள் வாசித்துப் பெயர் வாங்கியது அதற்குப் பிறகுதான். "கூட வாசிச்சவங்க நல்ல ஆளுங்க" என்கிறார் நண்பர். சரி, அந்த நல்ல ஆளை உட்கார வைத்தது யாருடைய ஆல்பம்? தயாரிப்பாளர் எட்டி கிரேமர், ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு ஒலிப்பதிவு செய்தவர். அவர் தொட்டால் துலங்கும் என்பது உண்மையானால், கிஸ்ஸின் 'ராக் அண்ட் ரோல் ஓவர்', 'லவ் கன்' இரண்டையும் தயாரித்தவரும் அவர்தானே! அந்த ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது ஜீனும் பாலும் எழுதிய பாட்டுகளுக்கான பெருமையை யாரும் கிரேமர் கணக்கில் எழுதுவதில்லை. ஏஸ் விஷயத்தில் மட்டும் கணக்கு மாறுகிறது. அந்தத் தனி ஆல்பத்தில் கிடார் எல்லாம் ஏஸ், பாடியது ஏஸ், பெரும்பாலான பாட்டுகளில் பாஸ் கிடாரும் ஏஸ். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்து காட்ட வேண்டும்?

ஆல்பத்தின் பெரிய வெற்றி 'நியூயார்க் குரூவ்'. பில்போர்டு பட்டியலில் 13-ஆம் இடம். மற்ற மூவரின் ஒரு பாட்டும் அதன் கிட்டேகூட வரவில்லை. உடனே வருகிறது ஆட்சேபணை: அது ரஸ் பேலர்ட் எழுதியது, 1975-லேயே ஹலோ என்ற பிரிட்டிஷ் பேண்ட் பாடியது, ஏஸ் என்ன செய்தார்? ஹலோ பாடியதையும் ஏஸ் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம். பிரிட்டனில் துள்ளல் பாட்டாக இருந்ததை பிராங்ஸில் பிறந்து வளர்ந்த ஒருவன் தன் தெருவுக்கே திரும்பி வருகிற பாட்டாக மாற்றியிருக்கிறான். அடுத்தவர் பாட்டைப் பாடி அதைத் தன்னுடையதாக்கிய பாடகர்களுக்கு ராக் உலகில் கோயில் கட்டாத குறை. கிடார்காரர் அதைச் செய்தால் மட்டும் கடன் வாங்கியவர் ஆகிவிடுகிறார்.

அதையும் விடுங்கள், கடைசிப் பாட்டுக்கு வருவோம். 'ஃப்ராக்சர்ட் மிரர்'. பாடல் வரி கிடையாது. கிடார்மேல் கிடாராக அடுக்கியது. ஒரே சிறிய இழை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேல் இன்னொரு கிடார் வந்து படிகிறது. வேகம் இல்லை, வித்தை காட்டுவது இல்லை. முகத்தில் வெள்ளி மை பூசிக்கொண்டு, கிடாரிலிருந்து புகை வரவைத்த மனிதர் செய்த காரியம் இது. குருட்டாம்போக்கில் அமைந்ததாம்! 1987-ல் 'ஃப்ராக்சர்ட் டூ', 1989-ல் 'ஃப்ராக்சர்ட் த்ரீ', 2009-ல் 'ஃப்ராக்சர்ட் குவாண்டம்' என்று அந்த ஒரு யோசனையை முப்பது வருடத்துக்கும் மேல் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். தற்செயலை யாராவது முப்பது வருடம் வளர்ப்பார்களா?

இந்த அவப்பெயருக்கு ரசிகர்கள் மட்டும் காரணம் இல்லை. கிஸ்ஸின் ஆல்பங்களை வெளியிட்ட காஸாபிளாங்கா கம்பெனியின் பேராசைக்குப் பாதிப் பங்கு உண்டு. நான்கு ஆல்பங்களையும் ஒவ்வொன்றும் பத்து லட்சத்துக்கு மேல் அச்சடித்துக் கடைகளில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அனுப்பிய கணக்கை வைத்து நான்குக்கும் பிளாட்டினம் பட்டம் வாங்கினார்கள். வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. கிஸ் பேண்டின் தனி ஆல்பங்கள் என்றாலே தோல்வி என்ற பேச்சு அங்கேதான் முளைத்தது. ஒரு பேண்டின் நான்கு ஆல்பத்தை ஒரே நாளில் ஒரு பள்ளிப் பையன் எந்தக் காசில் வாங்குவான் என்று யோசிக்காத முதலாளியின் கணக்குப் பிழை, கலைஞனின் தலையெழுத்தாக மாறிவிட்டது. விற்காத சரக்கு மட்டமான சரக்கு என்று நம்புகிறவர்கள் இசையைக் கேட்பதை விட்டுவிட்டுக் கல்லாப்பெட்டியைக் கேட்கலாம்.

கம்பெனிகள் செய்த இன்னொரு பாவமும் உண்டு. 1979-ல் வந்த 'டைனஸ்டி' ஆல்பத்தின் அட்டையில் கிஸ்ஸின் டிரம்மர் பீட்டர் கிறிஸின் முகம் இருக்கிறது. உள்ளே ஒரு பாட்டைத் தவிர எல்லாவற்றிலும் டிரம்ஸ் வாசித்தது ஆன்டன் ஃபிக். அட்டையில் அவர் பெயர் கிடையாது. 1976-ல் 'டெஸ்ட்ராயர்' ஆல்பத்தில் 'ஸ்வீட் பெயின்' பாட்டில் ஏஸின் சோலோவுக்குப் பதிலாக வெளி கிடார்காரர் டிக் வாக்னரை வாசிக்க வைத்தார்கள். ரசிகன் ஏஸ் வாசித்தது என்றே நினைத்துக் கேட்டான். யார் வாசித்தது என்பதை மறைத்தே வியாபாரம் செய்துவிட்டு, வாசிப்பவர்களுக்குத் தனி அடையாளம் இல்லை என்று தீர்ப்பும் சொல்வது என்ன நியாயம்? இன்றைக்குக் கைபேசியில் பாட்டுக் கேட்கிறோமே, அதிலாவது உருப்படியாக இருக்கிறதா? பெரும்பாலான ஆல்பங்களுக்கு டிரம்ஸ் யார், பாஸ் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது. பழைய இசைத்தட்டின் உறையில் பொடி எழுத்திலாவது போட்டிருந்தார்கள். வாசிப்பவர்களைக் கறிவேப்பிலையாக ஒதுக்குகிற பழக்கம் இப்போது இன்னும் மோசமாகியிருக்கிறது.

ஏஸ் குடிகாரர் என்பதும் ஒரு வாதமாக வருகிறது. ஆமாம், குடித்தார். அவரே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குடித்த பாடகர்களின் குடியைக் கவிதையாக்கியவர்கள்தான், கிடார்காரரின் குடியை மட்டும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கிறார்கள். வேகமாக வாசிக்கத் தெரியாது என்று அடுத்தது. நொடிக்கு எத்தனை ஸ்வரம் என்று எண்ணுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. பேர்ல் ஜாமின் மைக் மெக்ரெடி, தன் புகழ்பெற்ற 'அலைவ்' சோலோ, கிஸ்ஸின் 'ஷீ' பாட்டில் ஏஸ் வாசித்ததிலிருந்து பிறந்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர். அடுத்த தலைமுறை கிடார்காரர்களுக்குத் தெரிந்தது விமர்சகர்களுக்குத் தெரியாமல் போனது.

ஏஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கன்ஸ் அண்ட் ரோஸஸை விட்டு 1991-ல் விலகிய கிடார்காரர் இஸி ஸ்ட்ராட்லின் அடுத்த வருடமே ஜூ ஜூ ஹவுண்ட்ஸோடு ஓர் அருமையான ஆல்பம் போட்டார். அலட்டல் இல்லாத, தளர்வான ராக். அவர் போன பிறகு அந்தப் பெரிய பேண்டிலிருந்து சொந்தப் பாட்டுகளோடு அடுத்த ஆல்பம் வர 2008 ஆகிவிட்டது. மூளை யாரிடம் இருந்தது என்று இன்னுமா கேட்கிறீர்கள்?

எல்லாவற்றுக்கும் மேல் கிஸ் பேண்டே இதற்குச் சாட்சி. 'கோல்ட் ஜின்', 'பாரசைட்' எல்லாம் ஏஸ் எழுதியவை, பாடியது ஜீன். 1977-ல் 'லவ் கன்' ஆல்பத்தில்தான் 'ஷாக் மீ' என்று முதல் பாட்டை அவர் பாடினார். அந்த வருடக் கடைசியில் வந்த 'அலைவ் 2'-வில் புதிதாக ஸ்டூடியோவில் பதிந்த பாட்டுகளில் இன்னொன்று. ஆல்பத்துக்கு ஒன்று, அவ்வளவுதான் அவர் பங்கு. நடுவில் அந்தத் தனி ஆல்பம் வந்தது. 1979-ல் 'டைனஸ்டி'யின் ஒன்பது பாட்டில் மூன்றை ஏஸ் பாடினார். 1980-ல் 'அன்மாஸ்க்ட்' ஆல்பத்தில் இன்னொரு மூன்று. இரண்டு ஆல்பத்துக்கும் டிரம்ஸ் வாசிக்க அழைத்தது ஏஸின் தனி ஆல்பத்தில் வாசித்த அதே ஆன்டன் ஃபிக்கை. அந்தத் தனி ஆல்பம் குருட்டாம்போக்கில் அமைந்தது என்று ஜீன் சிம்மன்ஸும் பால் ஸ்டான்லியும் நினைத்திருந்தால், தங்கள் இடத்தில் மூன்று பாட்டை விட்டுக்கொடுக்கிற ஆட்களா அவர்கள்?