ஏழு நாள் காவல்

சித்திரை வெயிலில் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் பக்கம் போய்ப் பாருங்கள். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் முழங்கை வரை கை போகும். அதே மண் ஐப்பசி மழையில் ஊதிப் பெருத்துக் காலிலிருக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பருத்திக்கும் உளுந்துக்கும் அருமையான மண், சாலைக்குப் பொல்லாத மண். போட்ட தார் இரண்டாம் மழையிலேயே நீளவாக்கில் கீறிவிட்டால் காண்டிராக்டரைத் திட்டுகிறோம். சில இடங்களில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் தாருக்கு அடியில் அந்த மண் ஆண்டுதோறும் விரிந்து சுருங்குவதை யாரும் பேசுவதில்லை.

நமக்குப் பழகிய வைத்தியம் கரிசலை வெட்டி எறிந்துவிட்டுக் கிராவலும் ஜல்லியும் கொட்டுவது. அந்த ஜல்லிக்காக எத்தனை குன்றுகள் பள்ளமாயின என்பதை மதுரைக்குத் தெற்கே பேருந்தில் போகிறவர்கள் அறிவார்கள். இருக்கிற மண்ணையே திருத்திக்கொள்ளும் வழி இருக்கும்போது இன்னும் மலையை உடைப்பது சரியல்ல.

மண்ணின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை சுண்ணாம்பு போதும். அதிலுள்ள கால்சியம் களிமண் துகள்களைப் பற்றிக்கொள்ள, மண்ணின் தண்ணீர்த் தாகம் அடங்குகிறது. கையில் பசையாய் ஒட்டிய கரிசல் சில மணி நேரத்தில் புட்டு மாவு மாதிரி உதிர்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில், களிமண்ணின் சிலிக்காவோடு சுண்ணாம்பு வினைபுரிந்து மண்ணை இறுக்குகிறது. மணலும் சரளையும் கலந்த மண்ணுக்குச் சிமென்ட் பொருந்தும். கலந்து 2 மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் இதற்கெல்லாம் 2010இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் பழைய சாலையையே கிளறிச் சிமென்ட் கலந்து அடித்தளமாக்கியிருக்கிறார்கள்.

இந்த முறையில் கவனக்குறைவுக்கு இடமில்லை. மண்ணில் சல்ஃபேட் மிகுந்திருந்தால் சுண்ணாம்பே சாலையை மேலே தள்ளிவிடும். எனவே பரிசோதிக்காமல் பொறியாளர் கையெழுத்துப் போடக் கூடாது. காற்றில் திறந்து கிடந்த சுண்ணாம்பு வீரியம் இழந்துவிடும். மூட்டையைக் காப்பது ஒப்பந்ததாரரின் கடமை. சுட்ட சுண்ணாம்பு தூவுகிறவர்களுக்குக் கண்ணாடியும் கையுறையும் கொடுப்பதும் அவருடைய கடமைதான். ஒரு துளித் தூள் கண்ணைக் கெடுத்துவிடும்.

ஊருக்கும் இதில் வேலை உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பினால்ப்தலீன் இருக்கும். கலந்த அன்றே ஓரிடத்தில் குழி தோண்டி அதன் பக்கச் சுவரில் தெளித்தால், சுண்ணாம்பு சேர்ந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாகும். அளவு சரியா என்பதை அது சொல்லாது. சொன்ன ஆழம் வரை கலந்தார்களா, மேலாகத் தூவிவிட்டுப் போனார்களா என்பதைக் காட்டிவிடும். அறிவியல் ஆசிரியரும் நான்கு பிள்ளைகளும் போதும்.

சிமென்ட் கலந்த அடித்தளம் குறைந்தது 7 நாள் ஈரமாக இருக்க வேண்டும். வண்டி ஏறக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் மூன்றாம் நாள் இரவு யாரோ மறித்துப் போட்டிருந்த முள்ளை விலக்கிவிட்டுச் செங்கல் டிராக்டரை ஓட்டிவிட்டார்கள். காலையில் இரண்டு தடமும் பல்வரிசையோடு பதிந்திருந்தன. அவசரம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அந்தத் தடத்தில்தான் முதல் பள்ளம் தை மாதம் விழுந்தது. பங்குனியில் ஊருணித் தண்ணீரைச் சாலைக்குக் கொடுப்பதும் எளிதல்ல. நனைத்த சாக்கை விரித்தால் குறைந்த தண்ணீரே போதும். அதையும் தர மறுத்தால் செலவிட்ட சிமென்ட் வீண்.

சாலை முடிந்த பிறகு, குடிநீர்க் குழாய்க்காக அதை ஊராட்சியே குறுக்கே வெட்டுவதும், ஓரக்கால்வாயை வரப்பாக்கி நாம் உழுவதும் நிற்க வேண்டும். தேங்கிய தண்ணீர் வெட்டுவாய் வழியாக இறங்கினால் திருத்தாத கரிசல் அடியில் மறுபடி ஊதும்.

ஆகவே வேலை உத்தரவு தை மாதத்துக்குள் வந்து, மழைக்கு முன்பே சாலை முடிய வேண்டும். அதற்கு முந்தைய கிராம சபையிலேயே குழாய் எங்கே போகும், மாற்றுப்பாதை எது, தண்ணீர் யார் தருவது, அந்த ஏழு இரவும் முள்வேலிப் பக்கம் யார் யார் படுப்பது என்று பெயர் எழுதித் தீர்மானம் போட்டுவிடலாம்.