பழைய வீட்டை இடிக்காமலே புதுப்பிக்கலாமே!

ரிக் வண்டியும் லாரியும் விசைத்தறியும் கொண்டுவந்த பணம் திருச்செங்கோட்டை நிறையவே மாற்றிவிட்டது. கையில் நாலு காசு சேர்ந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடிப்பதுதான். நல்ல வீட்டில் வாழ ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அதற்கு இடித்துத்தான் ஆக வேண்டுமா?

இடிக்காதவர்களும் 'ரிப்பேர்' என்ற பெயரில் வீட்டைக் கெடுத்துவிடுகிறார்கள். கார் நிறுத்தத் திண்ணை உடைபடுகிறது. தொட்டிக்கட்டு வீட்டின் நடுமுற்றத்துக்கு மேல் கான்கிரீட் போடப்படுகிறது. வெளிச்சமும் காற்றும் வந்த வழி அடைபட்டதும் பகலிலேயே டியூப்லைட் எரிகிறது. அடுத்து ஏ.சி. வாங்க வேண்டியதுதான்!

இதைவிடப் பெரிய தவறு, சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு விடாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. கடைசியில் 'பழைய சுவர் தாங்காது' என்று பழி சுவர் மேல் விழுகிறது.

இதற்கு மாற்று வழி இருக்கிறது என்பதைப் புதுச்சேரியின் வைசியாள் வீதி காட்டியிருக்கிறது. அங்கே திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளின் முகப்புகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடும் இன்டாக் அமைப்பின் துணையோடும் பழைய வடிவிலேயே சீரமைக்கப்பட்டன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் அந்த வீதிக்குக் கிடைத்தது. ஒரு தெருவே இப்படி மீளும்போது, ஒரு வீடு மீளாதா?

பழமையைக் காப்பது என்றால் வசதியை விட்டுவிடுவது என்று அர்த்தமில்லை. சமையலறை, குளியலறை, மின்சார ஒயரிங், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தாராளமாகப் புதிதாக மாற்றலாம். திண்ணை, முற்றம், மரத்தூண், ஓட்டுக்கூரை, சுண்ணாம்புச் சுவர் ஆகிய ஐந்தை மட்டும் அப்படியே வைத்திருந்தால் போதும். உடைந்த ஓட்டையும் உளுத்த சட்டத்தையும் மட்டும் மாற்றினால், கூரை முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை.

செலவு அதிகம் என்பார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டதும் உண்மைதான். ஆனால் வேலை கொடுக்க ஆளிருந்தால்தானே கைத்தொழில் பிழைக்கும்? தெரிந்த ஒரு கிழவர் இருக்கும்போதே நாலு இளைஞர்கள் அவரிடம் கற்றுக்கொண்டால் உண்டு.

நிலைக்கதவையும் தூண்களையும் மர வியாபாரியிடம் விற்றுவிட்டு, பிறகு அதே மாதிரி தூணை ஓட்டல் வாசலில் பார்த்து 'எங்கள் வீட்டிலும் இருந்தது' என்று சொல்வதில் என்ன பெருமை? இடிக்க நாள் குறிப்பதற்கு முன், விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வீட்டை ஒருமுறை காட்டுங்களேன்!