பாடநூலும் வக்ஃபு ஆகட்டும்

பட்டமளிப்புக்கும் பரிசளிப்புக்கும் மேடை அமைப்பதில் நம் ஜமாஅத்துகள் சளைத்தவையல்ல. கல்விக் கட்டணத்திற்கென ஒரு தொகையை வழங்கியதும் கடமை தீர்ந்தது என்று பெரியோர் அமைதி கொள்கின்றனர். கட்டணம் செலுத்தியவன் வகுப்பறைக்குள் நுழையலாம்; நூலில்லாமல் பாடத்திற்குள் நுழைய முடியுமா?

தமிழகத்தின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பாடநூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. கல்லூரி வாசலில் அந்த நிழல் அகன்றுவிடுகிறது. மருத்துவம், பொறியியல், சட்டம் பயில்வோருக்கு ஒரு பாடத்தின் நூலே கூலித் தொழிலாளியின் ஒரு நாள் ஊதியத்தை விழுங்கிவிடும். முன்பு பிரிட்டிஷ் அரசின் மானியத்தால் ஈ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகள் வந்தன. 1990-களில் அவையும் நின்றுபோயின.

‘நகலெடுத்துப் படிக்கட்டுமே’ என்பார் சிலர். ‘அது திருட்டு’ என்பார் வேறு சிலர். 2012-இல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் மூன்று, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்திலிருந்த நகலகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடம் கற்பிக்கும் பொருட்டு நூற்பகுதிகளை நகலெடுப்பதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016-இல் கூறியது. முழு நூலையும் கள்ளத்தனமாக அச்சிட்டு விற்பதற்கு அத்தீர்ப்பு அனுமதிச் சீட்டன்று. நகல் ஓர் அத்தியாயத்திற்கு உதவும். ஆண்டு முழுவதும் புரட்ட வேண்டிய நூலுக்கு ஈடாகாது.

வழி நம் கையிலேயே இருக்கிறது. மத்ரஸாவில் ஓத வரும் மாணவன் கிதாபுகளை விலைக்கு வாங்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. குதுப்கானாவில் பெயரைப் பதிந்து பெறுகிறான். ஓதி முடித்ததும் திருப்பித் தருகிறான். அடுத்தவன் அதையே ஓதுகிறான். ஒருவர் வக்ஃபு செய்த ஒரு கிதாபில் பல தலைமுறைகள் ஆலிம்களாகியுள்ளனர். இந்த முறை கல்லூரி நூலுக்கு ஏன் ஆகாது?

‘அது உலகக் கல்வி, வக்ஃபு மார்க்கக் கல்விக்கே’ என்று மறுப்போருக்கு ஒன்று சொல்வோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவான கல்விகளில் சேர்த்துள்ளார்கள். கணக்கறியாதவர் வாரிசுரிமைப் பங்கீட்டை எவ்வாறு செய்வார்? சமுதாயத்தின் மீது கடமையான கல்விக்கு நூல் தருவது மட்டும் நன்மையில் சேராதோ?

‘பாடத்திட்டம் மாறிவிடுமே’ என்பது அடுத்த தடை. மனித உடலின் எலும்புகள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. கணிதத்தின் அடிப்படைகளும் மாறுவதில்லை. மாறுகின்ற நூல்களை விலக்கிவிட்டு நிலைத்தவற்றைச் சேர்ப்போம்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. பள்ளிவாசல் அறையில் ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, பொறுப்பேற்க ஓர் இளைஞர் போதும். தேர்வு முடிந்ததும் முத்தவல்லி வீடு வீடாகச் சொல்லியனுப்பட்டும். தாய்மார்களும் கேளுங்கள்: மகன் படித்து முடித்த நூல்களைப் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போட்டால் கிடைப்பது சில ரூபாய். அதே நூலைப் பக்கத்துத் தெருவின் ஏழைப் பெண் படித்துத் தேறினால், அது ஸதகத்துல் ஜாரியா. எடைக்கல்லில் வைப்பதா, மீஸானில் வைப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.