தீவகத்துக்கும் ஒரு மேடை வேண்டும்

போர் முடிந்து இரண்டாண்டுகள் நிறைவடையுமுன், 2011 மார்ச்சில் யாழ்ப்பாண இசை விழா முதற்தடவையாக நடைபெற்றது. சேவாலங்கா மன்றம் நோர்வேயின் ஆதரவுடன் ஒழுங்கு செய்த அவ்விழா 2012 இல் காலியிலும், 2013 இல் மீண்டும் யாழ்ப்பாணத்திலும் இடம்பெற்றது. நாட்டின் பல்வேறு சமூகங்களின் நாட்டார் கலைஞர்களை ஒரே மேடையில் அமர்த்திய அம்முயற்சியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் நகரத்து விழாவில் கூத்துக்குக் கிடைப்பது சொற்ப நேரமே. ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களில் கூத்து என்பது விடிய விடிய ஆடப்படுவது. அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்க, ஊரே கூடி அரங்கேற்றுவது. அதைக் கத்தரித்து மேடையேற்றினால் உடுப்பு தெரியும், கதை தெரியாது. அம்பாப் பாடலின் நிலை இன்னும் பரிதாபம். கரைவலை இழுக்கும் கைகளுக்கு அது தாளம். உழவு இயந்திரம் வலையிழுக்கும் கரையில் அதைப் பாட யாருக்கும் தேவையில்லை.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இடம்பெயர்வால் தீவகக் கிராமங்கள் பல வெறிச்சோடின. கூத்துப் பழகியவர்கள் பலர் இன்று புலம்பெயர் நாடுகளில். அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்களின் ஒரு தலைமுறை புத்தளத்து முகாம்களில் வளர்ந்தது. ஊரும் அயலும் கலைந்தபின் கலியாண வீட்டுப் பாட்டும் றபான் இசையும் பழைய இடத்தில் எப்படி ஒலிக்கும்? வடக்கின் விழாவில் அவர்கள் விருந்தினராக அழைக்கப்படுவது போதாது. மண்ணுக்குரியவர்களாகவே மேடையேற வேண்டும். மீள்குடியேறியோரின் காணி, வீட்டுப் பிரச்சினைகளை ஒதுக்கிவிட்டு இதைப் பேசுவதிலும் பொருளில்லை.

நாகபூசணி அம்மன் ஆலயம், நாகவிகாரை, பள்ளிவாசல் மூன்றும் நயினாதீவு என்ற ஒரு சிறு தீவுக்குள் உள்ளன. தென்னிலங்கை யாத்திரிகர் திரளாக வந்து வணங்கித் திரும்புகின்றனர். தீவகத்தின் பாட்டொன்றைக்கூடக் கேட்பதில்லை. இத்தகைய விழாக்களின் ஒரு நாளையேனும் நயினாதீவிலோ நெடுந்தீவிலோ நடத்தினால் என்ன என்பதே எமது கேள்வி. பிரதேச செயலகங்களும் பல்கலைக்கழகமும் மூத்த அண்ணாவிமாரின் கூத்துகளை முழுமையாக ஒலி, ஒளிப்பதிவு செய்யவும் அது வாய்ப்பாகும்.

இதற்கு ஓர் இடையூறு உண்டு. குறிகட்டுவானிலிருந்து புறப்படும் வழமையான படகுகள் மாலையுடன் ஓய்ந்துவிடுகின்றன. கூத்து தொடங்குவதோ இரவில். விழாவுக்குப் பணம் ஒதுக்குவோர் முதலில் அந்த இரவுப் படகுக்கு ஒதுக்கட்டும்.