எழுந்து நிற்கும் காளையும் நான்கு வரித் தமிழும்

பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பும் வழக்கம் நம்மிடையே அநேகமாக மறைந்துவிட்டது. சிவகாசியில் அச்சான, கரும்பும் பானையும் போட்ட அட்டைகள் கடை வாசல்களில் கயிறு கட்டித் தொங்கிய காலம் உண்டு. இன்று அந்த இடத்தைக் கைப்பேசிப் படம் பிடித்துக்கொண்டது. ஒருவர் அனுப்பியதை அப்படியே இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறோம். காசும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் நம் பிள்ளைகள் தமிழில் எழுதுவதற்கு இருந்த கடைசிச் சந்தர்ப்பமும் அதோடு போய்விட்டது என்பதே என் கவலை.

கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தமிழ்ப் பேச்சு இன்னும் கேட்கிறது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, பல குடும்பங்களுக்கு நடுவே மாநில எல்லை வந்தது. 1979-இல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதை திறந்து அந்த உறவுகளை அருகில் கொண்டுவந்தது. காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாடு பாட்டி வீட்டில். ஆனால் அந்தப் பாட்டிக்கு நான்கு வரி எழுதச் சொன்னால் பேரன் விழிக்கிறான்.

‘உட்கார்ந்து தமிழ் எழுது’ என்றால் எந்தப் பிள்ளையும் ஓடத்தான் செய்யும். கத்தரிக்கோலும் பசையும் கொடுத்துப் பாருங்கள், உட்காரும். ஆகவே, வரும் பொங்கலுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும், விரித்தால் காளை எழுந்து நிற்கும் அட்டை ஒன்றைத் தம் கையால் செய்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிறேன்.

இது வெறும் விளையாட்டு வேலையன்று. ஜெர்மனியில் மியூனிக் நகரைச் சேர்ந்த லோதர் மெகண்டார்ஃபர் (1847-1925) என்ற ஓவியர், ஒரே காகித நாக்கை இழுத்தால் பல உறுப்புகள் ஒன்றாக அசையும் புத்தகங்களைச் செய்தார். மூட்டுகளுக்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்தார். கேபினில் நெம்புகோலை இழுத்தால் தொலைவில் கைகாட்டி இறங்குமே, அதே தத்துவம்தான். ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்த ஒற்றுமை மிகவும் பிடிக்கும்.

நம் காளைக்குக் கம்பியும் வேண்டாம். 20 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலமுள்ள கெட்டித் தாளை நீளவாக்கில் சரிபாதியாக மடியுங்கள். மடிக்கும் கோட்டில், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் முதலில் அழுத்திக் கோடு போட்டுக்கொண்டால் மடிப்பு பிசகாது. மடிப்பின் நடுவில், 2 செ.மீ. இடைவெளி விட்டு, 3 செ.மீ. நீளத்துக்கு இரண்டு வெட்டு. வெட்டிய பகுதியை உட்பக்கம் தள்ளி, அட்டையைப் பாதி விரித்தால் ஒரு படி தெரியும். அந்தப் படியின் முகப்பில் தனியே வரைந்து வெட்டிய காளையை ஒட்டினால் வேலை முடிந்தது.

காளை எவ்வளவு உயரம் இருக்கலாம்? அட்டையின் ஒரு பாதி 10 செ.மீ.; படி 3 செ.மீ. கழித்தால் 7. கொம்பு உட்பட அதற்கு மேல் போனால், அட்டையை மூடும்போது கொம்பு வெளியே நீட்டும். இந்தக் கணக்கைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். கால்களை மெலிதாக வெட்டினால் துவண்டுவிடும். அடியில் ஒரு பட்டைப் புல் வரைந்து கால்களை அதோடு சேர்த்துவிடலாம். திருவனந்தபுரத்துப் பிள்ளைக்கு யானைதான் வரும் என்றால் யானையே போகட்டும். நாகர்கோவில் பாட்டி வேண்டாம் என்றா சொல்வாள்?

தபாலுக்கும் பயமில்லை. சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாள் என்றால் இந்த அட்டை 7 கிராம். காளையும் உறையும் சேர்ந்தாலும் கடிதத்தின் முதல் படியான 20 கிராமுக்குள் அடங்கும்.

அட்டையில் காளை முக்கியமல்ல. அதன் காலடியில் எழுதும் நான்கு வரிதான் முக்கியம். அதைப் பெற்றோர் சொல்லிக்கொடுக்கக் கூடாது, திருத்தவும் கூடாது. ‘காளை’ என்பதைப் பிள்ளை ‘காலை’ என்று எழுதினால் எழுதட்டும். பாட்டி சிரித்துக்கொண்டே ஒரு பதில் போடுவாள். அந்தப் பதிலைப் படிக்கவும் தமிழ் வேண்டுமல்லவா?

‘பரீட்சை நெருங்குகிறது, நேரமில்லை’ என்பார்கள் சிலர். திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் பொங்கலுக்குக் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அறிவித்து வந்திருக்கிறது. பண்டிகைக்கு ஒரு நாள் ஒதுக்கும்போது, அதற்கு முந்தைய வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

நம் சங்கங்களும் இதில் ஒரு கை கொடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு, தாளும் பசையும் வைத்தால் போதும். சிறந்த காளைக்குப் பரிசு என்று அறிவித்துவிடாதீர்கள். பரிசு என்றால் அப்பா அம்மா வெட்டத் தொடங்கிவிடுவார்கள். எழுதி முடித்த எல்லா அட்டைகளையும் தபாலில் சேர்ப்பதே நம் வேலை. அன்பர்கள் இதைப் பற்றிக் கலந்து பேசி, வரும் தை பிறப்பதற்குள் தொடங்குவோமாக.