முதலமைச்சரை மாற்றும் ஓட்டு மன்றத்துக்குள்ளேயே விழட்டும்

2018 மே மாதம் மலாக்காவின் காடேக் தொகுதி மக்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். ஜனநாயக செயல் கட்சியின் (ஜ.செ.க.) ஜி.சாமிநாதன் வென்றார், மாநில ஆட்சிக்குழுவிலும் இடம்பெற்றார். மறு ஆண்டு அக்டோபரில், விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்று சொல்லி அவரைச் சொஸ்மா எனும் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். 2020 பிப்ரவரி 21ஆம் தேதி, அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். வெளியே வந்தவர் மூச்சு விடுவதற்குள், மார்ச் 9ஆம் தேதி அவர் கட்சி பங்கேற்றிருந்த மாநில ஆட்சியே இல்லாமல் போயிற்று. அடுத்து வந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி மன்றம் கலைக்கப்பட்டு, நவம்பர் 20ஆம் தேதி அதே மக்கள், இம்முறை முகக்கவசத்தோடு, மீண்டும் வரிசையில் நின்றார்கள். மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) பி.சண்முகம் வென்றார்.

ஏறக்குறைய மூன்றரை ஆண்டில் இரண்டு தேர்தல். இடையில் ஆட்சி இரண்டு முறை ஆட்டம் கண்டது. அந்த இரண்டில் எதற்கும் யாரும் காடேக் வாக்காளரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோட்டத்துத் தமிழருக்குச் சட்டமன்ற ஓட்டு என்பது எத்தனை பெரிய விஷயம் என்பது நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது. மலேசிய அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை நிலத்தை மாநிலத்தின் கையில் கொடுத்திருக்கிறது. தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டம் போடுவதற்கும், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றுவதற்கும், பொதுத் தேவைக்கென்று நிலத்தை எடுப்பதற்கும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பட்டா இல்லாமல் மூன்று தலைமுறையாக நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கு நாலு காணி கிடைக்குமா, தோட்டம் காலியான பிறகும் அங்கேயே நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கு நிலம் உறுதியாகுமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. கோயில் குழுச் செயலாளர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட கடித நகல்களை மேசைமேல் விரிப்பார்: ஒரு முதலமைச்சர் காலத்தில் எழுதிய மனு, அடுத்தவர் காலத்தில் வந்த 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில், அதற்கும் அடுத்து மறுபடி முதலிலிருந்து எழுதச் சொன்ன கடிதம். ஆட்சி மாறும்போதெல்லாம் அந்த உறை தடித்துக்கொண்டே போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் இந்நாட்டில் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அதை முற்றாக எடுத்துவிட்டது. அலோர் காஜா நகராட்சியிலோ ஜாசின் நகராட்சியிலோ உட்காரும் கவுன்சிலரை மாநில அரசுதான் நியமிக்கிறது. ஆக, சாலை, சாக்கடை, நிலம் என்று அன்றாடம் தொடுகிற அதிகாரத்தில் தோட்டத்து வாக்காளர் தன் கையால் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆள் சட்டமன்ற உறுப்பினர்தான். அவர் கொடுக்கிற ஆதரவில்தான் முதலமைச்சர் நிற்கிறார். அந்த ஆதரவு மூடிய கதவுக்குள் கைமாறினால் வாக்காளரிடம் மிஞ்சுவது விரல் நுனி மை மட்டுமே.

2021 அக்டோபரில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மொத்தம் 28 இடங்கள். முதலமைச்சர் சுலைமான் முகமட் அலிக்கு 17 பேர், எதிரணிக்கு 11 பேர். சுங்கை ஊடாங்கின் இட்ரிஸ் ஹாருன், பந்தாய் குண்டோரின் நோர் அஸ்மான் ஹசான், தெலோக் மாஸின் நூர் எஃபாண்டி அமாட், பெங்காலான் பத்துவின் நோர்ஹிசாம் ஹசான் பக்தி ஆகிய நால்வர் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று அறிவித்தார்கள். கணக்கு 13-க்கு 15 ஆயிற்று. மன்றம் கூடவில்லை, நம்பிக்கைத் தீர்மானம் வரவில்லை, யாரும் எழுந்து நின்று காரணம் சொல்லவில்லை. முதலமைச்சர் ஆளுநரிடம் போனார், மன்றம் கலைந்தது.

அது கோவிட் காலம். 2020 செப்டம்பரில் சபா மாநிலத் தேர்தல் முடிந்த கையோடு தொற்று நாடெங்கும் பரவியதை மக்கள் மறக்கவில்லை. அந்தத் தேர்தலுக்கும் ஆள் தாவல்தான் காரணமாக இருந்தது. மலாக்காவில் சுகாதார அமைச்சு தேர்தல் கூட்டங்களுக்கே தடை போட்டது. வேட்பாளர் தோட்டத்துக்கு வந்து நாலு பேரைக் கூட்டிப் பேச முடியாத தேர்தல் அது. ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு 66 பேர்கூட இல்லை. அவர்களும் நால்வர் விஷயத்தில் தெளிவாகவே தீர்ப்புச் சொன்னார்கள். நால்வரில் மீண்டும் களமிறங்கிய மூவரும் தோற்றார்கள்.

இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் 2022இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். நாடாளுமன்ற மக்களவையில் ஜூலை 28ஆம் தேதி 209 பேர் ஆதரித்து நிறைவேறி, அக்டோபர் 5ஆம் தேதி நடப்புக்கு வந்தது. 1992இல் கிளந்தானின் இதே மாதிரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியிருந்ததால், இம்முறை கூட்டரசு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த 49ஏ பிரிவின் வாசகங்களை மாநிலங்களும் தத்தம் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அத்திருத்தத்தில் அடங்கும். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரிவைப் பொறுமையாகப் படித்தால் மலாக்காக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரையும்.

அந்தப் பிரிவு யாருடைய இடத்தைப் பறிக்கிறது? கட்சியை விட்டு விலகியவர், உறுப்பினர் தகுதி இழந்தவர், சுயேச்சையாக வென்று பிறகு கட்சியில் சேர்ந்தவர். கட்சியே நீக்கிவிட்டால் இடம் போகாது என்று விதிவிலக்கும் தருகிறது. இப்போது மலாக்காவின் நால்வரை அந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். அவர்கள் முதலமைச்சருக்குத் தந்த ஆதரவைத்தான் விலக்கினார்கள், கட்சியை விட்டு விலகினோம் என்று அறிவிக்கவில்லை. இட்ரிஸ் ஹாருனையும் நோர் அஸ்மானையும் அவர்கள் கட்சியான அம்னோவே நீக்கிற்று. நோர்ஹிசாமை ஜ.செ.க. அதற்கு முன்பே நீக்கியிருந்தது. அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தாலும் ஆட்சி அப்படியேதான் கவிழ்ந்திருக்கும். மலாக்காவின் காயத்துக்கு இந்த மருந்து போதாது.

அப்படியானால் பிடியை இன்னும் இறுக்கலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் அதைச் செய்து பார்த்தார்கள். இந்தியாவின் தாவல் தடைச் சட்டம் 1985லிருந்து இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். மலாக்காவில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். ஒருவர் திரும்பிப் போக, மீதி 18 பேரைச் சபாநாயகர் தனபால் செப்டம்பர் 18ஆம் தேதி தகுதி நீக்கம் செய்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில்தான் நீக்கம் செல்லும் என்று முடித்துவைத்தார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18ஆம் தேதி. பத்தொன்பது மாதம் பதினெட்டுத் தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் ஆளே இல்லை. ஆனால் 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் அதே அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட ஓ.பன்னீர்செல்வம் அணியின் 11 பேர்மீது அதே சபாநாயகர் கை வைக்கவில்லை. அதற்குள் அணிகள் இணைந்துவிட்டன.

சபாநாயகர் கையில் எல்லாவற்றையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடும் பார்த்துவிட்டது. பெர்சத்து கட்சியின் முகமட் அசிசி அபு நயிம் அப்போது குவா மூசாங் நாடாளுமன்ற உறுப்பினர், கிளந்தானின் நெங்கிரி சட்டமன்ற உறுப்பினராகவும் அவரே இருந்தார். பிரதமருக்கு ஆதரவு தந்ததற்காகக் கட்சி அவரது உறுப்பியம் போய்விட்டது என்றது. 2024 ஜூனில் கிளந்தான் சபாநாயகர் நெங்கிரி காலி என்றார். ஜூலையில் மக்களவைத் தலைவர் ஜொஹாரி அப்துல், குவா மூசாங் காலியில்லை என்றார். ஒரே மனிதர், ஒரே கட்சி, ஒரே செயல். நெங்கிரியில் மட்டும் ஆகஸ்டு 17ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது.

ஆகவே நீக்கப்பட்டவரையும் பிடி, ஆதரவை விலக்கியவரையும் பிடி என்று சட்டத்தை இறுக்குவது மலாக்காவுக்கு வழியல்ல. அப்படிச் செய்தால் தொகுதி மக்களுக்காகத் தன் கட்சியையே எதிர்த்துப் பேசும் உறுப்பினர் வாய் திறக்க மாட்டார். தோட்டத்து நில விவகாரத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் முதலமைச்சரோடு முரண்பட்டால் அந்த முரண்பாடு மக்களுக்கு வேண்டியது. அடைக்க வேண்டிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. முதலமைச்சருக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதைச் சத்தியப் பிரமாணப் பத்திரத்தாலும் பத்திரிகையாளர் கூட்டத்தாலும் முடிவு செய்யும் பழக்கத்தைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும்.

பேராக் மாநிலம் இதில் இரண்டு பாடங்களைக் கற்றுத் தந்திருக்கிறது. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் அணி விலகியதும் மன்றத்தில் வாக்கெடுப்பு இல்லாமலே ஆட்சி கைமாறியது. மே 7ஆம் தேதி மன்றம் கூடியபோது, நாட்டின் முதல் இந்திய சபாநாயகரான வி.சிவகுமாரைக் காவலர்கள் அங்கியோடு அவையிலிருந்து இழுத்துப் போனார்கள். அவர் இடத்தில் ஆர்.கணேசன் அமர்த்தப்பட்டார். இரண்டு தமிழர்கள், ஒரு நாற்காலி. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பெரியவர்கள் இன்றும் குரல் தழுதழுக்கச் சொல்வார்கள். பெரும்பான்மை போனதை மன்றத்துக்கு வெளியிலும் அறியலாம் என்று 2010இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே பேராக்கில் 2020 டிசம்பர் 4ஆம் தேதி மந்திரி புசார் அகமட் பைசால் அசுமு தன்மீதான நம்பிக்கையை மன்றத்திலேயே கேட்டார். ஆதரவு 10, எதிர்ப்பு 48. மறுநாள் பதவி விலகினார். ரகளையும் இல்லை, தேர்தல் செலவும் இல்லை. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை ஊருக்கே தெரிந்தது.

மலாக்கா சட்டமன்றம் ஒரு மசோதா கொண்டுவர வேண்டும் என்றால் அது பேராக்கின் அந்த டிசம்பர் நாளை விதியாக்கும் மசோதாவாக இருக்க வேண்டும். பெரும்பான்மையில் ஐயம் எழுந்தால் இத்தனை நாளுக்குள் சபாநாயகர் அவையைக் கூட்டியாக வேண்டும். ஓட்டு பெயர் சொல்லி விழ வேண்டும். வாக்கெடுப்பு முடியும்வரை மன்றத்தைக் கலைக்கும்படி முதலமைச்சர் கேட்கக் கூடாது. இடம் காலியா இல்லையா என்று சபாநாயகர் சொல்லும் முடிவுக்கு எழுத்தில் காரணம் வர வேண்டும். 49ஏ பிரிவு 21 நாள் கெடு விதிக்கிறது, காரணம் சொல்லும்படி கேட்பதில்லை. ஆளுநரின் விருப்புரிமையைத் தொடும் பகுதியைச் சட்ட வல்லுநர்கள் கவனமாக எழுத வேண்டியிருக்கும். அதைச் சாக்காக வைத்து மொத்தத்தையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மசோதா வரும் விதமும் முக்கியம். காலையில் மேசையில் வைத்து மாலையில் மூன்றாம் வாசிப்பு முடிப்பதாக இருந்தால் ஜாசினிலோ புலாவ் செபாங்கிலோ இருக்கும் ஒருவருக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சில வாரம் முன்னதாக வாசகத்தை வெளியிடட்டும். தமிழ் நாளிதழ்கள் அதன் சாரத்தை ஒரு பக்கத்தில் போடட்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கக் கூட்டத்திலும் கோயில் குழுக் கூட்டத்திலும் அரை மணி நேரம் அதைப் படித்துப் பேசலாம். அப்போது காடேக், ரிம், அசஹான் தொகுதி உறுப்பினர்களிடம் வாக்காளர் நேராகவே கேட்க முடியும்: இந்தப் பிரிவுக்கு உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?

கை எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 28இல் அது 19. அம்னோவும் ம.இ.கா.வும் அடங்கிய தேசிய முன்னணி 2021இல் 21 இடங்களை வென்றது. எதிரே அமர்ந்த ஐந்து பக்காத்தான் உறுப்பினர்களின், ஜ.செ.க. அடங்கிய கூட்டணியும் 2022 இறுதியிலிருந்து புத்ராஜெயாவில் அதே முன்னணியோடு ஒரே அமைச்சரவையில் இருக்கிறது. 2020இல் ஆட்சியை இழந்தவர்கள் ஒரு பக்கம், 2021இல் ஆட்சி கவிழ்ந்தவர்கள் மறுபக்கம். வலி எப்படி இருக்கும் என்று இரு தரப்புக்குமே தெரியும்.