"குழந்தைகளுக்காகத்தான்" என்று இனிமேல் சொல்லாதீங்க

ஜூன் பொறந்தா நியூஜெர்சியில நம்ம ஆளுங்க வீட்டுல ரெண்டே பேச்சு தான். ஒண்ணு விமான டிக்கெட் விலை. இன்னொண்ணு, "ஊருக்குப் போனா பசங்களை எங்க கூட்டிட்டுப் போறது?" ரெண்டாவது கேள்விக்கு எல்லா வீட்டுலயும் ஒரே பதில்: தீம் பார்க். ஏன்னு கேட்டா, "குழந்தைகளுக்காகத்தான்".

இந்தக் "குழந்தைகள்" யாருங்க? எனக்கு ரொம்ப நாளா இருக்கிற சந்தேகம் இது. பதினாலு வயசு அக்காவும், ஏழு வயசு தம்பியும், ரெண்டரை வயசு குட்டியும் எப்படி ஒரே சொல்லுக்குள்ள அடங்குவாங்க?

எங்க ஊர் குடுபல்லி. ஆந்திராவுல சித்தூர் மாவட்டம், குப்பத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம். சென்னையில இருந்து பெங்களூருக்கு ரயில்ல போனவங்க பாதித் தூக்கத்துல எங்க ஊரைத் தாண்டிப் போயிருப்பீங்க. எங்களுக்குப் பக்கத்துப் பெருநகரம் பெங்களூர் தான். அதனால தீம் பார்க்னா பிடதியில 2005ல திறந்த வொண்டர்லா. அது மைசூர் ரோட்டுல இருக்கு. அதாவது பெங்களூரைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கம் போகணும். விடியறதுக்கு முன்னாடி வேன் எடுத்தாத்தான் கதவு திறக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

அந்த வேன்ல யார் யார்? வெளிநாட்டுல இருந்து வந்த பசங்க, அண்ணன் பசங்க, அக்கா பசங்க, தாத்தா, ஆயா (எங்க பக்கம் பாட்டியை ஆயான்னு தான் கூப்பிடுவோம்). பதினஞ்சு பேர், ஒரு புளியோதரை டப்பா. "எல்லாரும் ஒண்ணா போறோம்" அப்படின்னு ஒரே பூரிப்பு. அந்த ஒண்ணு, வாசல்லயே பலதா உடையும்.

எப்படின்னு சொல்றேன். அங்க வயசைக் கேக்க மாட்டாங்க, உயரத்தை அளப்பாங்க. 85 செ.மீ.க்குக் கீழ இலவசம். 85ல இருந்து 140 வரைக்கும் குழந்தை டிக்கெட். அதுக்கு மேல பெரியவங்க டிக்கெட். சராசரிக் குழந்தை ரெண்டு வயசை ஒட்டி 85ஐத் தாண்டிடும். 140ஐத் தொட பத்து பதினொண்ணு வயசு ஆகும். வேகமான ரைடு பலதுக்கும் 140 வேணும். ஆக, ரெண்டு வயசுல காசு வாங்க ஆரம்பிக்கிற இடம், முழுசா உள்ள விடறது பத்து வயசுக்கு மேல தான்! நடுவுல இருக்கிற எட்டு வருஷம் "உனக்கு இல்ல கண்ணா, தள்ளி நில்லு" தான்.

அமெரிக்காவுலயும் இதே கதை தான். டிஸ்னியில மூணு வயசுக்குள்ள இலவசம், பத்து வயசானா பெரியவங்க டிக்கெட். ஆனா ஃப்ளோரிடா ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம் வேணும். பக்கத்துல யுனிவர்சல்ல ஹல்க் ஏற 54 அங்குலம். பாதுகாப்புக்காக வச்ச விதி. அதை நான் குறை சொல்லலை. அந்த விதியைத் தெரிஞ்சுக்காம மூணு வயசுப் பிள்ளைக்கும் பதினாலு வயசுப் பிள்ளைக்கும் ஒரே திட்டம் போடற நம்மளைத்தான் சொல்றேன்.

இப்ப அசல் விஷயத்துக்கு வரேன். இந்தப் பயணத்தோட செலவை யார் கொடுக்கறாங்க? கார்டைத் தேய்ச்ச அப்பான்னு நினைச்சா தப்பு. மூத்த பொண்ணு கொடுக்கறா.

கவனிச்சுப் பாருங்க. அப்பாவும் மாமாவும் பெரிய ரைடு வரிசையில நிப்பாங்க. அம்மாவும் அத்தையும் பைகளோட சாப்பாட்டு இடத்துல. குட்டியைத் தூக்கிட்டு பலூன் ரைடு பக்கம் சுத்தறது யாரு? "பெரிய பொண்ணு தானே, அவ பார்த்துப்பா." 140ஐத் தாண்டின ஒரே பிள்ளை அவ தான். எல்லா ரைடும் அவளுக்குத் திறந்திருக்கு. ஆனா அவ இடுப்புல ஒரு குட்டி இருக்கு. அவ வயசுப் பையன் நாலாவது தடவை வரிசைக்கு ஓடறான், அவனை யாரும் கூப்பிடறதில்லை. தண்ணி விளையாட்டுக்குப் பருத்தித் துணி கூடாது, நைலான் தான் போடணும்னு சொல்வாங்க. "வயசுப் பொண்ணு, அந்தத் துணியெல்லாம் வேணாம்" அப்படின்னு அதையும் அவகிட்ட இருந்து எடுத்தாச்சு. சாயந்திரம் குடும்பப் படத்துல அவ சிரிப்பா. நாமளும் அதை எல்லாருக்கும் அனுப்புவோம்.

அடுத்து ஆயா. டிக்கெட் வாங்கி உள்ள கூட்டிட்டுப் போய், ஒரு பெஞ்சைக் காட்டி "இங்கயே உக்காருங்க, செருப்பைப் பார்த்துக்குங்க" அப்படின்னு சொல்லிட்டுப் போயிடறோம். வேடிக்கை என்னன்னா, டிஸ்னிலாண்டே ஒரு பெஞ்சுல பொறந்தது தான். லாஸ் ஏஞ்சலிஸ் கிரிஃபித் பார்க்குல தன் பொண்ணுங்க குதிரை ராட்டினத்துல சுத்தும்போது, வால்ட் டிஸ்னி சும்மா பெஞ்சுல உக்காந்திருந்தாராம். பெத்தவங்களும் பிள்ளைங்களும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணும்னு அப்பத் தோணினதா அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17ல திறந்தார். எழுபது வருஷம் கழிச்சு நாம காசு கொடுத்து அதே பெஞ்சுல ஆயாவை உக்கார வைக்கிறோம்.

அங்க 1982 வரைக்கும் நுழைவுக்குத் தனிக் கட்டணம், ரைடுக்குத் தனிச் சீட்டு இருந்தது. ஏறாதவங்க ஏறாத ரைடுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இப்ப எல்லா இடத்துலயும் ஒரே டிக்கெட். ஒரே டிக்கெட்னா என்ன ஆகும்? "கொடுத்த காசு வசூலாகணும்" அப்படின்னு மூடற வரைக்கும் இழுப்போம். மதியம் ரெண்டு மணிக்கே குட்டி சோர்ந்து அழும். அதைத் தூக்கிக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் சுத்தணும்.

குப்பம் கங்கம்மா ஜாத்திரையை நினைச்சுப் பாருங்க. குட்டிக்குச் சின்ன ராட்டினம், இளசுகளுக்குப் பெரிய ராட்டினம், ஆயாவுக்குச் சாமியும் ஊர்க்கதையும். யாருக்கு எப்பப் போதும்னு தோணுதோ அப்பக் கிளம்பலாம். உடனே "ஜாத்திரை ராட்டினத்துல பெல்ட் இருக்கா?" அப்படின்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதுல ஏத்துங்கன்னு நான் சொல்லலை. அவங்கவங்க அளவுக்கு ஒரு நாள் அமையற அந்த முறையைத்தான் சொல்றேன்.

"எல்லாரும் சேர்ந்து போனாத்தானே சந்தோஷம்?" அப்படிம்பீங்க. வேன்ல சேர்ந்து போறோம், உள்ள போனதும் நாலா பிரியறோம். இதுல சேர்ந்து இருந்தது புளியோதரை மட்டும் தான் :-)

"ரெண்டு தடவை போனா செலவு ரெண்டு மடங்கு ஆகுமே?" ஆகாது. ஏற முடியாத குட்டிக்கும், ஏற விரும்பாத ஆயாவுக்கும் வாங்கற டிக்கெட்டைக் கழிச்சுப் பாருங்க.

இன்னொரு கணக்கும் உண்டு. நம்ம பசங்களுக்கு இங்க ஜூன் கடைசியில தான் லீவு. ஆந்திராவுல ஜூன் ரெண்டாவது வாரமே பள்ளிக்கூடம் திறந்துடுவாங்க. டிசம்பர்ல போனா, அங்க சங்கராந்தி லீவு ஜனவரியில. ஆக, ஊர்ப் பசங்க நம்மளோட வரணும்னா லீவு போடணும், இல்லைன்னா கூட்டம் முட்டற ஞாயித்துக்கிழமை. "அவங்களுக்கு ஸ்கூல் இருக்கு" அப்படின்னு நம்ம பசங்களை மட்டும் கூட்டிட்டுப் போய், ராத்திரி வந்து ஃபோட்டோ காட்டற வேலையை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. அண்ணன் பிள்ளைகளுக்கு அது வருஷக்கணக்கா நினைவிருக்கும்.

அப்ப என்ன தான் செய்யறது?

1. கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவத்துல எல்லாப் பசங்களையும் செருப்பில்லாம அளந்துடுங்க. ஏமாத்தம் வாசல்ல வேணாம், வீட்டுலயே முடியட்டும்.

2. 140க்கு மேல இருக்கிறவங்களைத் தனியா ஒரு நாள், ஒரு சித்தப்பாவோட அனுப்புங்க. மூத்த பொண்ணு கையில பை கூடாது, இடுப்புல குட்டி கூடாது. நைலான் துணியை முதல் நாளே வாங்கிக் கொடுங்க.

3. சின்னதுகளுக்கு பன்னேர்கட்டா மிருகக்காட்சி சாலை போதும். திருப்பதி போறவங்களுக்கு அங்கயே எஸ்.வி. மிருகக்காட்சி சாலை இருக்கு. யானையைப் பார்க்க உயரம் கேக்க மாட்டாங்க. ஆயாவும் வரலாம்.

4. சேர்ந்தே தான் போகணும்னா, குட்டியைப் பார்க்கிற வேலையை மணிக்கணக்குப் போட்டுப் பெரியவங்க பிரிச்சுக்குங்க. டிஸ்னியில ரைடர் ஸ்விட்ச்னு ஒண்ணு வச்சிருக்காங்க. ஒருத்தர் குட்டியோட நிக்க, இன்னொருத்தர் ஏறிட்டு வந்ததும் மாத்திக்கலாம், மறுபடி முழு வரிசை கிடையாது. அந்த மாத்தறது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருக்கட்டும். மூத்தவளுக்கும் தம்பிக்கும் நடுவுல வேணாம்.

5. அண்ணன் பிள்ளைக்கும் உங்க பிள்ளைக்கும் ஒரே டிக்கெட். முடியாதுன்னா யாருக்கும் வேணாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேணும்?" அப்படின்னு கேளுங்க. கூட்டத்துல கேட்டா சத்தமாப் பேசறவன் பதில் தான் எல்லார் பதிலும் ஆகும். மூத்த பொண்ணைக் கடைசியா கேக்காதீங்க, முதல்ல கேளுங்க. "எனக்கு எதுவானாலும் ஓகே" அப்படின்னு சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு தங்கமணி கேட்ட கேள்வி: "அப்போ அன்னிக்கு குட்டியை வச்சுக்கிட்டு குடுபல்லியிலயே இருக்கப் போறது யாரு?" வேற யாரு, நான் தான் :-)